சொந்த வாரம்

கதவைத் திறந்து உள்ளே போனதும் நோரீன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகப் போய் சமையல் மேடையின் இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். பல் வளைந்த அந்த முள்கரண்டி அதே மூலையில் கிடந்தது. போன ஏப்ரலிலும் அங்கேதான் கிடந்தது. அதற்கு முந்தைய ஏப்ரலிலும்.

"எல்லாம் அப்படியே இருக்கு பாத்தியா!" என்று பின்னாலேயே வந்தான் லீலண்ட். நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல சோபாவைத் தட்டிக்கொடுத்தான். "பிளேன்ல ஏறினோம், இறங்கினோம், நம்ம வீடு வந்தாச்சு."

அவன் சந்தோஷமாகச் சொன்ன அதையேதான் அவள் மனசுக்குள் புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில், கிஸ்ஸிமீயில், ஹெரன் கோவ் ரிசார்ட்டின் ஐந்தாம் கட்டடத்தில், குளத்தைப் பார்த்த இந்த இரண்டு படுக்கையறை வீடு அவர்களுக்குச் சொந்தம்தான். ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு வாரத்துக்கு. மற்ற வாரங்கள் முகம் தெரியாத யார் யாருக்கோ சொந்தம். டைம்ஷேர் என்றால் அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓசிக் காலைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கும்போது கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு நோரீனும் சிரித்துக்கொண்டேதான் பேனாவை வாங்கினாள். மகள் சின்னப் பெண்ணாக இருந்தாள். நீச்சல்குளம் இருந்தது, தீம் பார்க் கூப்பிடு தூரத்தில் இருந்தது, பார்க்கில் அலைந்துவிட்டு வந்தால் சொந்த அடுப்பில் ஏதாவது கிண்டிச் சாப்பிடலாம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றிய காலம் அது.

இப்போது மகள் நாட்டின் மறுகோடியில், ஓரிகனில், தன் குடும்பத்தோடு இருக்கிறாள். ஏப்ரல் வாரம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஊரில், வடக்கே பெரிய ஏரிக்கரையில் இருக்கும் ஈரியில், நோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தடம். எந்த வாசலில் எந்த நாய் குரைக்கும், எந்த வீட்டுத் தபால்பெட்டி காற்றில் சாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். போன இலையுதிர்காலத்தில் அவள் கால்களுக்குள் ஏதோ புகுந்துகொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லியது, எழுந்தால் நடக்கச் சொல்லியது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் காலை பிள்ளைகளை எல்லாம் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு, டிப்போவுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், காலி பஸ்ஸை நேரே ஏரிக்கரைவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். லீலண்டிடம் சொல்லவில்லை.

லீலண்ட் நல்ல மனுஷன். குளிருக்காக வீடுகளில் வைக்கும் வெப்ப உலைகளைப் பழுதுபார்க்கிற வேலை. சின்ன வயசில் வாடகை பாக்கிக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்த குடும்பம் அவனுடையது. ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுவதற்குள் அடுத்த பள்ளிக்கூடம் வந்துவிடும். அதனால் ஒரே சாவி ஒரே கதவைத் திறக்கிறது என்பதே அவனுக்குப் பெரிய விஷயம். ஹெரன் கோவ் வாசல் காவலாளியிடம் பெயர் சொல்லி நலம் விசாரிப்பான். காப்பி மிஷினை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைப்பான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு விடுமுறை தொடங்கும்.

இந்த வருஷம் நோரீனின் தங்கை ட்ரூடியும் அதே வாரத்தில் வந்திருந்தாள், கணவன் எம்மெட்டோடும் இரட்டைப் பெண்களோடும். அவர்கள் தங்கியது தீம் பார்க்கின் உள்ளேயே இருந்த ஹோட்டலில். ட்ரூடிக்குத் தள்ளுபடி என்றால் உயிர். ராத்திரி பகல் பார்க்காமல் போனில் தேடி, எங்கே எந்தப் பேக்கேஜ் மலிவாக வருகிறதோ அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவாள். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போனதாகச் சரித்திரம் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் நான்கு பேரும் ஐந்தாம் கட்டடத்துக்குச் சாப்பிட வந்தார்கள்.

"வாங்க, வாங்க, தள்ளுபடி ராணி!" என்றான் லீலண்ட்.

"வீட்டுக்கார ஐயாவுக்கு வணக்கம்!" என்று குனிந்து கும்பிடுபோட்டாள் ட்ரூடி. "மத்த அம்பத்தோரு வாரமும் உங்க வீட்டுல யார் யாரோ தூங்கறாங்களாமே, விசாரிச்சீங்களா?"

எம்மெட் சத்தமில்லாமல் உருளைக்கிழங்கு சாலட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்த வீட்டில் இவர்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குச் சாப்பிடுகிற வேலை மட்டும்தான்.

"உன் ஹோட்டல் ரூம்ல எத்தனை பேர் படுக்கறீங்க?" என்றான் லீலண்ட்.

"நாலு பேரு. ரெண்டு கட்டில்."

"இங்க ஆளுக்கொரு ரூம். துணி துவைக்க மிஷின். முட்டை பொரிக்க அடுப்பு."

"முட்டை பொரிக்கவா நான் பிளேன் ஏறி வந்தேன்? முட்டை எங்க வீட்டுலயே பொரியுமே. இதைக் கேளு. எனக்கு ரூமு, பார்க் டிக்கெட்டு, காலைச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நீ ஜனவரி ஆனா பராமரிப்புன்னு ஒரு செக் எழுதறியே, அதைவிடக் கொஞ்சம்தான் கூட. உனக்கு டிக்கெட் தனி. அந்தப் பராமரிப்பும் வருஷா வருஷம் ஏறுது. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

"எதுதான் ஏறலை?"

"எனக்குப் பிடிக்கலையா, அடுத்த வருஷம் வரமாட்டேன். கதை முடிஞ்சுது. உன்னால வராம இருக்க முடியுமா? வராட்டியும் செக் எழுதணும். கல்யாணம் மாதிரி ஆயிடுச்சு உன் கதை!"

நோரீன் சிரித்துவிட்டாள். கொஞ்சம் சத்தமாகவே. லீலண்ட் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தெருவில் யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பார்வை.

"நீ சொல்லு நோரீன்," என்றாள் ட்ரூடி. "எது நல்லது? உன்னோடதா, என்னோடதா?"

"கோழி ஆறிப்போகுது, சாப்பிடுங்க," என்று சொல்லி, நோரீன் ஐஸ் எடுக்க எழுந்தாள். மேஜைமேல் ஐஸ் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அதற்குப் பிறகும் தண்ணீருக்கு, துடைக்கும் காகிதத்துக்கு, ஜன்னலைத் திறக்க, ஜன்னலை மூட என்று எழுந்துகொண்டே இருந்தாள். எழும்போதெல்லாம் லீலண்டின் கண் கூடவே வந்தது. அவள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்தாள்.

மறுநாள் முழுக்கக் குளத்தைச் சுற்றினாள். முதலைக்கு இரை போடாதீர்கள் என்ற பலகையைத் தாண்டி, செம்மண் நிறக் குஞ்சோடு புல்வெளியில் உலவிய கொக்குகளைத் தாண்டி, மறுபடியும் அதே பலகைக்கு. நாற்காலியில் சாய்ந்திருந்த லீலண்ட் ஒவ்வொரு சுற்றிலும் கை காட்டினான். சுற்று ஏற ஏறக் கை தாழ்ந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் ட்ரூடி போன் செய்தாள். அவள் பேக்கேஜோடு கூட ஒருவருக்குப் பாதி விலையில் டிக்கெட் உண்டாம். "நாளைக்கு எங்களோட பார்க்குக்கு வா. லீலண்டையும் கூட்டிட்டு வா, அவனுக்கு முழு விலை போட்டுப் பழிவாங்கறேன்."

"நீ போய்ட்டு வா," என்றான் லீலண்ட். "வரிசையில நிக்க என் முட்டி ஒத்துக்காது. காலையில உரிமையாளர் கூட்டம் வேற இருக்கு. பேருக்குத் தலையைக் காட்டினா நூறு டாலர் பரிசுக் கார்டு தர்றாங்க."

அந்தக் கூட்டம் ஒவ்வொரு வருஷமும் உண்டு. உரிமையாளர்களின் நலனைக் கேட்பதற்கு என்று பெயர். இன்னும் கொஞ்சம் தலையில் கட்டுவதற்குத்தான் நடத்துகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற வருஷங்களில் நோரீன் கூடப் போவாள். அங்கே கொடுக்கும் காலைச் சாப்பாட்டுத் தட்டு காலியானதும் லீலண்டின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவனுக்கு எதிரே இருப்பவரிடம் இல்லை என்று சொல்ல வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "சரி, சாப்பிட்டதும் எழுந்து வந்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டு, விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பார்க்கில் அன்றைக்கு நோரீன் ஆள் மாறிப்போனாள். இரட்டையர் பயந்து பின்வாங்கிய ரோலர்கோஸ்டரில் முன்வரிசையில் ஏறினாள். இறங்கி மறுபடி ஏறினாள். வயிறு தொண்டைக்கு வந்து திரும்பியபோது வாய்விட்டுக் கத்தினாள். கத்தி முடித்ததும் கால்களில் இருந்த அந்தக் குறுகுறுப்பு அடங்கியிருந்தது. பஸ்ஸில் அவள்தான் எப்போதும் திருப்பத்தை முன்கூட்டியே பார்க்கிறவள். இங்கே அடுத்து எந்தப் பக்கம் தூக்கிப்போடும் என்று தெரியவில்லை.

மத்தியானம் நிழலில் ஒரு பெஞ்சில் ட்ரூடி ஷூவைக் கழற்றிப்போட்டுக் காலை நீட்டினாள். எம்மெட் பெண்களோடு ஐஸ்கிரீம் வரிசையில் நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், லீலண்ட் காதுக்குப் போகக்கூடாது," என்றாள். "அந்த ஒரே விலைன்னு சொன்னேன்ல? கார் நிறுத்தத் தினமும் தனிக் காசு. ரிசார்ட் கட்டணம்னு ஒண்ணு, எதுக்குன்னே தெரியலை. காலைச் சாப்பாடுங்கறது ஒரு வறண்ட ரொட்டியும் ஆப்பிளும். ஜன்னலைத் திறந்தா குப்பை லாரி. எம்மெட்டு குறட்டையில பொண்ணுங்க ரெண்டும் குளியல் தொட்டியில போய்ப் படுத்துதுங்க."

"அப்ப லீலண்ட் சொல்றதுதான் சரியா?"

"கொன்னுடுவேன். அவன் சரின்னு எப்ப சொன்னேன்? அந்த அடுப்பும் துவைக்கிற மிஷினும் இருந்தா நல்லாருக்கும்னுதான் சொன்னேன்." கொஞ்ச நேரம் கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "ஆனா அடுத்த வருஷம் எங்கன்னு எனக்கே தெரியாது பாரு, அதை நினைச்சுக்கிட்டுதான் குளிர்காலம் பூரா தள்ளறேன். எனக்கு அது போதும். உனக்கு என்ன ஆச்சு? அன்னைக்குச் சாப்பாட்டுல முயல் மாதிரி குதிச்சுக்கிட்டே இருந்த."

"தெரியலை," என்றாள் நோரீன். எழுந்துகொண்டாள். "வா, அந்தத் தண்ணிச் சறுக்கலுக்குப் போவோம்."

இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பினாள். தலைமுடி ஈரம், முகம் வெயிலில் சிவந்து எரிந்தது. லீலண்ட் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான், சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு. எதிரே ஒரு தடித்த நீலக் கோப்பு. பக்கத்தில் இரண்டு கண்ணாடி கிளாஸ், திறக்காத ஒரு ஷாம்பெயின் பாட்டில். அது ரிசார்ட் கொடுத்தது என்று கழுத்திலிருந்த ரிப்பனைப் பார்த்தாலே தெரிந்தது.

நோரீன் பாட்டிலை எடுத்து ரிப்பனைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன பண்ணின?"

"உக்காரு முதல்ல."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். என்ன பண்ணின லீலண்ட்?"

"மாத்திட்டேன்," என்றான். முகம் பிரகாசமாக இருந்தது. "இந்த வாரத்தைக் கொடுத்துட்டுப் பாயிண்ட் வாங்கிட்டேன். இனிமே இந்த வீடு, இந்த ஏப்ரல், அதெல்லாம் கிடையாது. பாயிண்ட்டை வெச்சு எங்க வேணா போகலாம். ஹவாய்ல இருக்கு, கொலராடோவுல இருக்கு, ஸ்பெயின்லகூட இருக்குன்னு அந்தப் பையன் காட்டினான். நீ எங்க சொல்றியோ அங்க."

"எவ்வளவு?"

அவன் சொன்னான். இருபத்திரண்டாயிரம் டாலர், மாதாமாதம் கட்டுவதாக. நோரீன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்ததை எல்லாம் பேசினாள். ஒரு காலை தனியாக விட்டதற்கு இதுவா, ஓசி முட்டைக்கு வீட்டை விற்பாயா, அந்தப் பயல் இன்னும் பத்து நிமிஷம் பேசியிருந்தால் என்னையும் எழுதிக்கொடுத்திருப்பாயா என்று கேட்டாள். அவள் மூச்சு வாங்க நின்றபோதுதான் லீலண்ட் வாய் திறந்தான்.

"கெண்ட்ரிக்னு பேரு அந்தப் பையனுக்கு. முதல்ல நானும் வேணாம்னுதான் சொன்னேன். எனக்கு என் வாரம் போதும்பான்னேன். அப்ப அவன் கேட்டான், 'உங்க மனைவிக்கு எங்க போகப் பிடிக்கும் சார்?'னு." லீலண்ட் கோப்பின் மூலையைத் தடவினான். "எனக்குத் தெரியலை நோரீன். இத்தனை வருஷம் உன்கூட இருக்கேன். ஒரு ஊர் பேர் சொல்லத் தெரியலை. அவன் பேனாவை வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். வெக்கமாப் போச்சு. அவளுக்குப் போகணும்ப்பா, அவ்வளவுதான் தெரியும்னேன். அவ உக்காரவே மாட்டேங்கறா. சாப்பிடறப்போ உக்காரலை, சர்ச்சுல உக்காரலை. குளத்தைச் சுத்திச் சுத்தி வர்றா, கூண்டுல போட்ட மாதிரி. இந்த வீடுதான் அந்தக் கூண்டுன்னா, எனக்கு இது வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்."

நோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதல் முறையாக ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவன் பதினெட்டு வருஷமாகக் கட்டிக்காத்த ஒன்றே ஒன்றை அவளுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அது போன இடத்தில் வந்து உட்கார்ந்தது நிம்மதி இல்லை. ஹவாயிலும் கொலராடோவிலும் இதே ரிசார்ட்காரர்களின் இதே சோபா, அதில் சாய்ந்து கை காட்டுகிற லீலண்ட், மாதாமாதம் தவணை. நினைக்கும்போதே காலுக்குள் குறுகுறுத்தது.

கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது, கையெழுத்துப் போட்ட பத்து நாளைக்குள் எழுதிக்கொடுத்து ரத்து செய்யலாம் என்று சட்டப்படி போட்டிருந்தது.

"நாளைக்குக் காலையில அங்க போறோம்," என்றாள்.

"எனக்கு ரத்து பண்ண இஷ்டமில்லை," என்றான் லீலண்ட். அவன் அப்படிப் பிடிவாதமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "உனக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாத."

மறுநாள் காலை போனார்கள். விற்பனைக் கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். சின்னச் சின்ன வட்ட மேஜைகளில் குடும்பம் குடும்பமாக ஜனம் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தது. யாரோ வாங்கிவிட்டார்கள் என்று மணி அடித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். கெண்ட்ரிக் ஓடி வந்து கை கொடுத்தான். முப்பதுகூட இருக்காது. நல்ல முகவெட்டு.

"மேடம், உங்களைப் பத்தி சார் நிறையச் சொன்னாரு. உங்களுக்குப் பெரிய சர்ப்ரைஸ்ல?"

"ரொம்பப் பெருசு," என்றாள் நோரீன். "ரத்து பண்ணணும்."

அவன் சிரிப்பு குறையவில்லை. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "தாராளமா. அது உங்க உரிமை. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி மேடம். நீங்க எங்க போகணும்?"

"தெரியாது."

"சும்மா ஒரு ஊர் சொல்லுங்க. கனவுல வர்ற ஊர்."

"தெரியாதுன்னேனே தம்பி. அதுதான் எனக்கு வேணும். எங்கன்னு தெரியாம இருக்கணும்."

"அட, அதுக்குத்தானே பாயிண்ட்! எப்ப வேணா எங்க வேணா."

"ஸ்கூல் லீவுல ஹவாய் வேணும்னா எப்ப சொல்லி வைக்கணும்?"

கெண்ட்ரிக் காதைச் சொறிந்தான். "கொஞ்சம் முன்கூட்டி... ஒரு வருஷம் முன்னால சொல்லிட்டா நல்லது."

"என் தங்கச்சி போன மாசம் பார்த்து இந்த மாசம் வந்து நிக்கிறா. குப்பை லாரி தெரியற ரூமு. ஆனா அவ இஷ்டத்துக்கு வந்தா."

"தள்ளுபடி பேக்கேஜ் எல்லாம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது மேடம். சொந்தம்னு ஒண்ணு இருந்தா அது வேற."

"அதுவும் சரிதான்," என்றாள் நோரீன். அவள் லீலண்டைப் பார்த்தாள். "அது இவருக்கு வேணும். இவரு சின்ன வயசுல வீடு மாறி மாறி வளர்ந்தவரு. அந்தக் குளத்தங்கரை வீட்டை இவர்கிட்டருந்து வாங்கிட்டு என்கிட்ட பாயிண்ட்டைக் கொடுக்கறீங்க. எனக்கு அது வேணாம். லீலண்ட், உன் வாரம் உனக்கு இருக்கட்டும். நீ விடவேணாம். நான் மட்டும் விட்டுட்டுப் போறேன்."

லீலண்டின் முகம் வெளுத்தது. "என்னையா?"

அவள் உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு நொடி தடங்கல் அவளையே பயமுறுத்தியது. பக்கத்து மேஜையில் யாரோ ஆரஞ்சுச் சாறு கேட்டார்கள். ஏரிக்கரையில் காலி பஸ்ஸோடு நின்ற காலை ஞாபகம் வந்தது. அங்கேயிருந்து அவள் திரும்பினாள் அல்லவா? ஏன் திரும்பினாள் என்று அதுவரை யோசித்ததில்லை.

"வாரத்தை," என்றாள். "இந்த வாரத்தை மட்டும். உன்னை இல்லை, மடையா."

கெண்ட்ரிக் தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். லீலண்ட் கையோடு கொண்டுவந்த நீலக் கோப்பை மேஜையின் நடுவுக்குத் தள்ளினான். "ரத்து எப்படி எழுதணும், சொல்லுப்பா."

மேனேஜர் வந்தார், விலையைக் குறைத்தார், இலவசமாக ஒரு கப்பல் பயணம் என்றார். நோரீன் வழக்கம்போல லீலண்டின் முழங்கையைப் பிடித்தாள். ஆனால் இந்த முறை அவனே முதலில் எழுந்தான். கடிதத்தைத் தபால் நிலையத்திலிருந்து பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டு, ஷாம்பெயினையும் திருப்பிக் கொடுத்தார்கள். நூறு டாலர் கார்டை மட்டும் அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அதில் ட்ரூடி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுபோய் இறால் சாப்பிட்டார்கள். ட்ரூடிக்கு விஷயம் தெரிந்ததும் அன்றைக்கு ஒரு நாள் லீலண்டைக் கிண்டல் செய்யாமல் இருந்தாள்.

ஊருக்குத் திரும்பியபின் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. நோரீன் கதவருகே நின்றால்கூட லீலண்ட் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பான். ஒருநாள் அவள் ஏரிக்கரைக்குப் பஸ் ஓட்டிய கதையைச் சொல்லிவிட்டாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். "ஏரி உறைஞ்சிருந்ததா?" என்று மட்டும் கேட்டான். இன்னும் உறையவில்லை என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு கதவருகே நிற்கும்போது அவன் நிமிர்ந்து பார்ப்பது குறைந்தது.

அடுத்த ஏப்ரலில் பஃபலோ விமான நிலையத்துக்கு இருவரும் ஒரே காரில் வந்தார்கள், இரண்டு டிக்கெட்டோடு, இரண்டு ஊருக்கு. லீலண்ட் ஆர்லாண்டோவுக்கு. அவனோடு ட்ரூடி குடும்பமும், அந்த வருஷம் நாலு பேருக்கான பேக்கேஜ் விலை எங்கேயும் எகிறிவிட்டதாம், "உன் இன்னொரு ரூம் காலியாத்தானே இருக்கு, வீட்டுக்கார ஐயா?" என்று ட்ரூடியே போன் செய்து கேட்டிருந்தாள். லீலண்ட் அதை ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நோரீன் அல்புகர்க்கிக்கு. ஏன் அல்புகர்க்கி என்றால், பதினைந்து நாளுக்கு முன் ட்ரூடியின் போனில் வந்ததிலேயே மலிவான பேக்கேஜ் அதுதான். ஹோட்டல் படத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

வெளியே ஏப்ரல் பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஆர்லாண்டோ விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். ட்ரூடியும் எம்மெட்டும் பெண்களும் வரிசைக்குப் போய்விட்டார்கள். லீலண்ட் பையைத் தோளில் மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

"பயமா இருக்கா?" என்றான்.

"கொஞ்சம்."

"தனியாச் சாப்பிடப் போற."

"சாப்பிட்டுக்கறேன்."

"திரும்பி வருவல்ல?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கண் சிரிக்கவில்லை.

"ரிட்டர்ன் டிக்கெட்டும் பேக்கேஜுல சேர்ந்ததுதான். வராம இருந்தா தள்ளுபடி போயிடும். ட்ரூடி என்னை உயிரோட விடமாட்டா."

அவன் இந்த முறை நிஜமாகவே சிரித்தான். அவள் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, வரிசையின் கடைசி ஆளாகப் போனான். சுரங்கம்போலிருந்த நடைபாதைக்குள் நுழைவதற்கு முன் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை, ட்ரூடி ஏதோ சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, கையை ஆட்டி அவளோடு வாதாடிக்கொண்டே போனான்.

அவளுடைய விமானம் பனியால் தாமதம் என்று அறிவித்தார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. நோரீன் உட்காரலாமா என்று பார்த்தாள். காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உட்காரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, மூடியிருந்த கடைகளையும் தூங்கும் பயணிகளையும் தாண்டி, கட்டடத்தின் கடைசிவரை நடந்தாள். அங்கே கண்ணாடிக்கு அப்பால் விமானத்தின் இறக்கையிலிருந்து ஓர் ஆள் பனியை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். நெஞ்சு படபடத்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது நேரம் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. திரும்பி, தன் விமானம் ஏறும் வாசலை நோக்கி, வந்த வழியே வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.